இரவு இருமலுக்கு இரைப்பை காரணமா?

குழந்தை பால் குடித்தது. தாய் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். ஏப்பம் வந்தது. கூடவே இரண்டு மடக்குப் பாலும் வெளியே வந்தது.

இது வியாதியா?

அநேகமாக இல்லை.

இன்னொரு குழந்தை. வயது ஐந்து. பகலெல்லாம் ஓடி விளையாடுகிறது. இரவில் படுத்த சிறிது நேரத்தில் இருமல் பிடித்துக்கொள்கிறது. காலையில் எழுந்தால் குரல் கம்மியிருக்கிறது. பாட்டில் பாட்டிலாகச் சளி மருந்து கொடுத்தாகிவிட்டது. இருமல் போகவில்லை.

இது வெறும் சளியா?

இல்லாமலும் இருக்கலாம். இந்த இருமல் மார்பில் பிறக்காமல், இரைப்பையில் பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

முதல் குழந்தையின் தாய் வீணாகப் பயப்படுகிறாள். இரண்டாவது குழந்தையின் தாய் நோயின் வேரைத் தெரிந்துகொள்ளாமல் தவிக்கிறாள். இருவருக்கும் வேண்டியது ஒன்றே. எது சாதாரணம், எது நோய், எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கும் விவரம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. அங்குள்ள ஐயனாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் வருகின்றன. மடியில் கைக்குழந்தை, தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டு எதற்கு? குழந்தை கக்கும் பாலைத் துடைப்பதற்குத்தான். அதே ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் மரக்காணம் உப்பளம். கோயிலுக்கு வரும் தாய்க்கும், முகாமில் வாழும் தாய்க்கும், உப்பளத்தில் வேலை செய்யும் தாய்க்கும் இந்தக் கவலை பொதுவானது.

மடையும் வயலும்

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நோயைப் புரியவைப்பது சுலபம்.

உப்புநீர் மடை வழியாகப் பாத்திக்குப் போகிறது. மடையை அடைத்தால் நீர் நிற்கும். மடை இறுகாவிட்டால் நீர் வந்த வழியே கசியும். உப்புநீர் உப்பளத்தில் இருந்தால் வருமானம். அதே நீர் நெல் வயலில் ஏறினால் நஷ்டம். நீர் ஒன்றுதான். தாங்கும் நிலமும் இருக்கிறது, தாங்காத நிலமும் இருக்கிறது.

உடம்பிலும் இப்படி ஒரு மடை உண்டு. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் தசை வளையம் ஒன்று இருக்கிறது. உணவு இறங்கும்போது அது திறக்கும். பிறகு மூடிக்கொள்ளும்.

இரைப்பையில் கடுமையான புளிப்பு நீர் சுரக்கிறது. அதுதான் அமிலம். அதைத் தாங்கும்படி இரைப்பையின் உட்சுவர் அமைந்திருக்கிறது. உணவுக்குழாய்க்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. குரல்வளைக்கும் மூச்சுக்குழாய்க்கும் அதைவிடக் குறைவு.

மடை நேரமில்லாத நேரத்தில் தளர்ந்தால், இரைப்பையில் உள்ளது மேலே ஏறும். இதைத்தான் நம் பெண்கள் எதுக்களிப்பு என்கிறார்கள். அது தொண்டை வரை ஏறிப் பக்கத்திலுள்ள மூச்சுப் பாதையை உறுத்தினால், இருமலும் கரகரப்பும் வருகின்றன. அமிலம் உணவுக்குழாயின் அடிப்பாகத்தை மட்டும் தொட்டாலும், நரம்பின் வழியாக மூச்சுக்குழாய் சுருங்கி இருமலும் இழுப்பும் வரலாம்.

இது புதிய செய்தி அல்ல. வில்லியம் ஆஸ்லர் என்ற பெயர்பெற்ற மருத்துவர் 1892-ல் வெளியிட்ட மருத்துவ நூலிலேயே ஒரு குறிப்பு உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் பெரிய சாப்பாட்டை இரவுக்கு வைத்துக்கொள்ளாமல் பகலிலேயே முடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் எழுதினார். 1946-ல் நியூயார்க் டாக்டர் கர்ட்டிஸ் மெண்டல்சன், பிரசவத்தின்போது மயக்கமருந்து பெற்ற பெண்களின் நுரையீரலுக்குள் வயிற்று அமிலம் புகுந்தால் என்ன கேடு நேரும் என்பதை விவரமாக எழுதிக் காட்டினார். வயிற்றுக்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் இருமலுக்கு அதுதான் காரணமா? சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

எது சாதாரணம்?

கைக்குழந்தைக்கு மடை இன்னும் பழக்கப்படவில்லை. உணவோ முழுவதும் பால். பெரும்பாலும் படுத்தே இருக்கிறது. ஆகவே பால் மேலே வருவதில் ஆச்சரியமில்லை.

நாலாவது மாதத்தை ஒட்டி இது அதிகமாக இருக்கும். உட்கார ஆரம்பித்து, திட உணவு சாப்பிடத் தொடங்கியதும் குறையும். ஒரு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும். சிலருக்கு ஒன்றரை வயது வரை இருக்கலாம்.

குழந்தை கக்குகிறது. ஆனால் சிரிக்கிறது, பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது. அப்படியானால் கவலை வேண்டாம். மருந்தும் வேண்டாம். தோளில் ஒரு துண்டு போதும்.

ஒரேயடியாகப் பால் புகட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம். பால் குடித்தபின் இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். பாட்டிமார் செய்துவந்த இந்த வழக்கத்தை டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

தூங்கும்போது மட்டும் ஒரு விதி. கைக்குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். பால் கக்குகிறதே என்று குப்புறப் போடக்கூடாது. தலையணையும் வைக்கக்கூடாது. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஆபத்து குப்புறப் படுக்கையில் அதிகம்.

எது ஆபத்து?

கீழே கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் "பால் கக்குகிறது, போகப்போகச் சரியாகிவிடும்" என்று இருக்கக்கூடாது.

வாந்தி பச்சை நிறமாக இருந்தால், குடல் அடைப்பு இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிறந்த சில வாரங்களில், ஒவ்வொரு முறை பால் குடித்ததும் வாந்தி பீறிட்டுப் பாய்ந்தால், இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபட்டிருக்கலாம். ஆபரேஷன் செய்தால் குணமாகும். தாமதித்தால் குழந்தை வற்றிப்போகும்.

வாந்தியில் ரத்தம், அல்லது காப்பிப்பொடி போன்ற கரும்பழுப்புத் துகள்.

எடை ஏறாமை. பால் குடிக்க மறுத்தல்.

மூச்சு நின்று நின்று வருதல். உதடு நீலம் பூத்தல்.

ஜுரம், உச்சிக்குழி வீங்குதல், வயிறு உப்புதல், குழந்தை துவண்டு கிடத்தல்.

ஆறு மாதம் வரை இல்லாமல் பிறகு புதிதாகத் தொடங்கிய வாந்தி. ஒன்றரை வயது தாண்டியும் நிற்காத எதுக்களிப்பு.

மூச்சு வேகத்தை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. குழந்தை அழாமல் இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 40 - இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மார்புக்கூடு உள்ளே குழிந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

தொண்டை சொல்லும் சேதி

எதுக்களிப்பு எப்போதும் வாயால் வெளியே வருவதில்லை. தொண்டை வரை வந்து, குழந்தை மறுபடி விழுங்கிவிடும். துண்டில் கறை இராது. ஆகவே வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்போது வேறு அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்.

படுத்ததும் அல்லது சாப்பிட்டதும் வரும் இருமல். காலையில் கரகரக்கும் குரல். ஓயாமல் தொண்டையைச் செருமுதல். பால் குடிக்கும்போது புரையேறுதல், முதுகை வில்லாக வளைத்து அழுதல். அடிக்கடி வரும், நாய் குரைப்பது போன்ற இருமல். திரும்பத் திரும்ப வரும் நிமோனியா.

பெரிய பையன் "வாயில் புளிக்கிறது, நெஞ்சு எரிகிறது" என்பான். சின்னக் குழந்தைக்கு அப்படிப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றுக்கும் "வயிறு வலிக்கிறது" என்றுதான் சொல்லும்.

சில குழந்தைகள் சாப்பிட்டபின் கழுத்தை ஒரு பக்கமாகத் திருகி, உடம்பை முறுக்கும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைப்பார்கள். பேய் பிடித்தது என்று சொல்பவர்களும் உண்டு. இதற்கு எதுக்களிப்பே காரணமாக இருக்கலாம் என்பதை 1964-ல் மார்செல் கின்ஸ்போர்ன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதினார். அவருக்கு முன்பே இதைக் கவனித்தவர் பால் சாண்டிஃபர் என்ற டாக்டர். அந்த நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. கவனித்துப் பார்த்த கண்தான் அங்கே நோயைக் கண்டுபிடித்தது.

தொக்கம் எடுக்கலாமா?

குழந்தை ஓயாமல் கக்கினால் கிராமத்தில் முதலில் வரும் யோசனை, "தொக்கம் விழுந்திருக்கிறது. எடுத்துவிட்டால் சரியாகும்" என்பதுதான்.

தொக்கம் எடுப்பவர் குழல் வைத்து ஊதுவார், அல்லது உறிஞ்சுவார். பிறகு ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டுவார். "இதுதான் தொண்டையில் நின்றது" என்பார்.

சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். பால் தவிர வேறொன்றும் அறியாத கைக்குழந்தையின் தொண்டையில் உணவுத் துணுக்கு எங்கிருந்து வந்தது? நாள்கணக்கில் உணவுக்குழாயை ஒன்று அடைத்திருந்தால் குழந்தை எச்சிலைக்கூட விழுங்க முடியாதே! மூச்சுக்குழாயில் அடைத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. ஊதினால் அது இன்னும் உள்ளே போகும்.

பிறகு சில குழந்தைகளுக்குக் குணமாகிறதே என்று கேட்கலாம். எதுக்களிப்பு வயது ஏற ஏறத் தானே குறைவது. அந்தப் பெயர் தொக்கம் எடுத்தவருக்குப் போகிறது.

உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டுவதும் இப்படித்தான். வயிறு நிறையப் பால் குடித்த குழந்தையைத் தலைகீழாகப் புரட்டினால், பால் மூச்சுக்குழாய்க்கே போகக்கூடும்.

பெரியவர்கள் அன்பினால்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் பச்சை வாந்தி எடுக்கும் குழந்தையைத் தொக்கம் எடுக்கத் தூக்கிச் சென்றால், வீணாகிற ஒரு நாள் திரும்பி வராது.

எல்லா இருமலும் எதுக்களிப்பு அல்ல

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "எல்லாம் வாயுத் தொல்லை, எல்லாம் அமிலம்" என்று முடிவுகட்டுவது.

நாள்பட்ட இருமலுக்குக் காரணங்கள் பல. ஆஸ்துமா இருக்கலாம். கக்குவான் இருமல் இருக்கலாம். மூக்கிலிருந்து பின்பக்கமாகத் தொண்டைக்குச் சளி வடியலாம். விறகடுப்புப் புகையும், வீட்டுக்குள் பிடிக்கும் பீடி சிகரெட்டும் போதும், குழந்தையை இருமவைக்க.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்து, ஜுரமோ எடைக் குறைவோ சேர்ந்தால், அல்லது வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், குழந்தைக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால், வேர்க்கடலையோ மணியோ மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். பிறந்தது முதல் மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால், குரல்வளை மென்மையாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் அமிலம் என்று நினைத்து, கடையில் மருந்து வாங்கிக் கொடுத்துக் காத்திருந்தால் என்ன ஆகும்? உண்மையான நோய் உள்ளே வளரும்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

ஒரே ஒரு பரிசோதனையில் "ஆம், இல்லை" என்று சொல்லிவிட முடியாது. பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குரல்வளையைக் குழாய்க் கருவி மூலம் பார்க்கலாம். அங்கே சிவப்பாக இருப்பதால் மட்டும் அமிலம் என்று தீர்மானிக்க முடியாது. சளி, ஒவ்வாமை, ஓயாத அழுகை, எதனாலும் சிவக்கும்.

பேரியம் என்னும் வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுக்கலாம். உறுப்புகளின் அமைப்பில் கோளாறு உண்டா என்பது அதில் தெரியும். எதுக்களிப்பு நோயை உறுதிசெய்ய அது போதாது.

மெல்லிய கம்பிக்குழாயை மூக்கின் வழியே உணவுக்குழாயில் இறக்கி, ஒரு நாள் முழுதும் வைத்திருக்கும் சோதனை உண்டு. அமிலம் எத்தனை தடவை ஏறியது, அமிலமில்லாத நீரும் ஏறியதா என்பதை அது காட்டும். குழந்தை இருமும் ஒவ்வொரு தடவையும் தாய் நேரம் குறிக்கிறாள். ஏறிய நேரமும் இருமிய நேரமும் ஒத்துப்போகிறதா என்று டாக்டர் பார்க்கிறார். இத்தனை பெரிய கருவிக்கும் தாயின் குறிப்பு தேவைப்படுகிறது!

உணவுக்குழாய் புண்பட்டிருக்கிறதா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி செய்வார்கள். இவையெல்லாம் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. புதுச்சேரி ஜிப்மர், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குத்தான் போக வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் இவை தேவையும் இல்லை.

மருந்து யாருக்கு?

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. ஒமெப்ரசோல், லான்சோபிரசோல் போன்றவை. உணவுக்குழாய் புண்பட்ட குழந்தைக்கு அவை மிகவும் பயன்படும். நெஞ்செரிச்சல் உள்ள பெரிய குழந்தைக்கு நாலு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு.

ஆனால் இருமலுக்கும் இழுப்புக்கும், கைக்குழந்தையின் அழுகைக்கும்?

2009-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. பால் குடித்தபின் ஓயாமல் அழும் 162 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். 81 குழந்தைகளுக்கு லான்சோபிரசோல். 81 குழந்தைகளுக்கு மருந்துச் சத்தே இல்லாத வெறும் கலவை. நாலு வாரம் கழித்துப் பார்த்தார்கள். மருந்து கொடுத்த பக்கம் 44 குழந்தைகளுக்குக் குணம் தெரிந்தது. கொடுக்காத பக்கமும் அதே 44! மருந்து சாப்பிட்டவர்களிடையே கடுமையான உபாதைகள், முக்கியமாக நுரையீரல் தொற்று, அதிகம்.

2012-ல் அமெரிக்காவில் ஆஸ்துமா அடங்காத 306 குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சியும் இதையே காட்டியது. நெஞ்செரிச்சல் போன்ற வெளிப்படையான அறிகுறி இல்லாத அந்தக் குழந்தைகளுக்கு அமில மருந்தால் ஆஸ்துமா குறையவில்லை. மூச்சுத் தொற்று அதிகரித்தது.

வயிற்று அமிலம் வீணுக்குச் சுரப்பதில்லை. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்கிறது. காவல்காரனைக் காரணமில்லாமல் அனுப்பிவிட்டால் திருடன் வருவான்.

2018-ல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை ஜீரண மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நெஞ்செரிச்சல் போன்ற அறிகுறியோ, சோதனைச் சான்றோ இல்லாமல் இருமலுக்காக மட்டும் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கக்கூடாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. "எதற்காக? எத்தனை வாரம்? எப்போது மறுபடி காட்ட வேண்டும்?" இந்த மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பெரிய குழந்தைக்கு வீட்டுச் சிகிச்சையும் உண்டு. இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க வைக்கலாம். சோடா, கலர், அதிகக் காரம், எண்ணெய்ப் பலகாரம் குறையட்டும். மிஞ்சிய எடை குறையட்டும். சில கைக்குழந்தைகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாமையும் இதே தொல்லையைத் தரும். அதை டாக்டர் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

ஏழு நாள் நோட்டு

செலவில்லாத ஒரு பரிசோதனை உண்டு. ஒரு பழைய பள்ளி நோட்டு. ஏழு நாள்.

குழந்தை எப்போது சாப்பிட்டது? என்ன சாப்பிட்டது? எப்போது படுத்தது? எப்போது இருமியது? கக்கியதா? என்ன நிறம்? காலையில் குரல் எப்படி?

அங்கன்வாடியில் எடுத்த எடையையும் அதில் எழுதலாம். வீட்டில் செல்போன் இருந்தால், இரவு இருமலையும் உடம்பு முறுக்குவதையும் படம் பிடித்து வைக்கலாம். பகலில் டாக்டர் முன்னால் குழந்தை இருமாது. நோட்டும் படமும்தான் சாட்சி.

தாய்க்கு எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் அக்காள் எழுதட்டும். தாய் விடியுமுன் உப்பளத்துக்குப் போனால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி சொல்லட்டும். இருமலை அருகிலிருந்து கேட்டவர் யாரோ, அவர் வார்த்தைக்கு மதிப்புண்டு.

இதில் ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடமை இருக்கிறது. கூட்டம் அதிகம், நேரம் குறைவு, உண்மைதான். ஆனாலும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கத்தான் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆபத்து அடையாளங்களை ஒவ்வொரு தாய்க்கும் சொல்லித்தர வேண்டும். சுகாதார நிலையச் சுவரில் பெரிய எழுத்தில் அவற்றை எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

பால் கக்கும் எல்லாக் குழந்தைக்கும் நோய் இல்லை. இருமும் எல்லாக் குழந்தைக்கும் அமிலமும் இல்லை. அவசரப்பட்டு மருந்தும் வேண்டாம். அலட்சியமாகத் தாமதமும் வேண்டாம். முதலில் கவனிக்க வேண்டும். கவனித்ததை எழுத வேண்டும். எழுதியதை டாக்டரிடம் தைரியமாகச் சொல்ல வேண்டும்.

வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தைக்கு, அதன் தாயின் வாய்தான் வாய்.